புரதத்தில் எது எதைத் தொடுகிறது? நெல்லைப் பக்கத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் லீவு முடிந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். அம்பை, தென்காசி, வள்ளியூர் என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைகள். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். "அக்கா, அமினோ அமிலங்களுக்கு நடுவில் கான்டாக்ட் அனாலிசிஸ் பண்ணச் சொல்லியிருக்காங்க. எங்கேயிருந்து ஆரம்பிக்க?" மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலியில் எந்த அமினோ அமிலம் எதைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பி அலுத்துப்போனது. அதனால் கேள்விகளைச் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன். பாடப்புத்தக வரிசையை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ரெசிட்யூ என்று ஏன் சொல்கிறோம்? தமிழில் எச்சம் என்று எழுதலாமா?

இரண்டு அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகிறது. போனது போக மிச்சம் சங்கிலியில் நிற்கிறதே, அதுதான் ரெசிட்யூ. எச்சம் என்ற சொல்லில் தப்பே இல்லை. பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்கு இன்னும் பொருத்தமாகவே படும், தனியே நின்றால் முடியாமல் அடுத்ததை எதிர்பார்த்து நிற்பது என்பதால். ஆனால் கூந்தன்குளம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, "எங்க ஊர்ல எச்சம்னா அது வேற அக்கா, மரமெல்லாம் வெள்ளையா கிடக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். பறவைகள் சரணாலயத்து ஊர்க்காரி, அவள் சொன்னால் சரிதான். அன்றிலிருந்து நான் ரெசிட்யூ என்றே எழுதுகிறேன்.

தொடுகை என்றால் அணுக்கள் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பாதி ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி.

பி.டி.பி. என்ற புரதத் தரவு வங்கியிலிருந்து ஒரு புரத அமைப்புக் கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். அணுவின் பெயர், எந்த ரெசிட்யூ, எந்தச் சங்கிலி, மூன்று ஆயத்தொலைவுகள் இருக்கும். தொடுகை என்று பெரும்பாலும் எதையும் காண முடியாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்குப்போட்டு, இந்த அளவுக்குள் வந்தால் தொடுகிறது என்று கோடு கிழிப்பது நாம். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் பட்டியல் மாறிவிடும்.

கோட்டைக் கண்டபடி கிழிக்கவும் முடியாது. அணு ஒவ்வொன்றுக்கும் வான் டெர் வால்ஸ் ஆரம் என்று ஒன்று உண்டு, பிணைப்பில்லாத அணு தன்னைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் இடத்தின் அளவு: கார்பனுக்கு 1.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு), நைட்ரஜனுக்கு 1.55, ஆக்சிஜனுக்கு 1.52, கந்தகத்துக்கு 1.8. பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் 3.4 ஆங்ஸ்ட்ராம் அளவில் நிம்மதியாக இருக்கும். அதைவிட நெருக்கினால் விலக்கம். இன்னொரு பக்கம், அவை 6.2 ஆங்ஸ்ட்ராம் விலகிவிட்டால் நடுவே 2.8 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு நீர் மூலக்கூறு நுழைய இடம் கிடைத்துவிடும். அப்புறம் அதைத் தொடுகை என்று சொல்வதற்கு வாய் வராது.

எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை உலகத்துக்கே ஒழுங்காகக் கேட்டுக் காட்டியது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1963-ல் ஜி.என்.இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடத்தை, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் படத்தை, எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அதன் அடியில் இருப்பது ஒரு தொடுகைப் பட்டியல். பிணைப்பில்லாத இரண்டு கார்பன்களுக்குச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0 என்று இரண்டு கோடு போட்டார்கள். படத்தில் நடுவே ஒரு பகுதியும், அதைச் சுற்றிக் கொஞ்சம் பெரிய பகுதியும் தெரிகிறதே, அது அந்த இரண்டு கோடுகளால் வந்தது. அவர்களே ஒரே கோட்டில் நிற்கவில்லை என்பதை நான் எல்லோரிடமும் சொல்லி வைப்பது வழக்கம்.

சரி, 4.5-ஆ, 5-ஆ, 8-ஆ? எதை எடுக்க?

எந்த அணுக்களுக்கு நடுவே அளக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண் அதற்குப் பிறகு தானாக வரும். புழக்கத்தில் மூன்று வழி இருக்கிறது.

ஆல்பா கார்பன் என்பது ரெசிட்யூவின் நடுக் கார்பன், பக்கச்சங்கிலி என்ற கிளை அதிலிருந்துதான் கிளம்பும். அந்த ஆல்பா கார்பன்களுக்கு நடுவே அளந்தால் 7 அல்லது 8 ஆங்ஸ்ட்ராம். ரெசிட்யூவுக்கு ஒரே புள்ளி என்பதால் கணக்கு சுலபம். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் நிறையப் பார்க்கலாம். பக்கச்சங்கிலியின் முதல் கார்பனான பீட்டா கார்பன்களுக்கு நடுவே அளந்தால் 8 ஆங்ஸ்ட்ராம். அமைப்பைக் கணித்துச் சொல்லும் போட்டிகளில் இதுதான் வழக்கம். கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது, அதற்கு மட்டும் ஆல்பாவையே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் கிளைசின் எல்லாம் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். மூன்றாவது, ஹைட்ரஜன் தவிர்த்து இரண்டு ரெசிட்யூக்களின் எந்த இரண்டு அணுக்களாவது 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகின்றனவா என்று பார்ப்பது.

வித்தியாசம் எங்கே கடிக்கும் என்பதற்கு ஓர் இணையைப் பார்ப்போம். லைசின் ஒரு பக்கம், ஆஸ்பார்டிக் அமிலம் எதிர்ப்பக்கம். லைசினின் பக்கச்சங்கிலி நீளம். முழுதாக நீட்டினால் ஆல்பா கார்பனிலிருந்து நுனி நைட்ரஜன் வரை ஆறு ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் போகும். அந்த நுனி ஆஸ்பார்டிக் அமிலத்தின் ஆக்சிஜனை 2.8 ஆங்ஸ்ட்ராமில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டின் ஆல்பா கார்பன்களுக்கு நடுவே 10, 11 ஆங்ஸ்ட்ராம்கூட இருக்கலாம். முதல் வழியில் அளந்தவர், இந்தப் புரதத்தின் முக்கியமான உப்புப் பாலத்தை (எதிரெதிர் மின்னேற்றங்களின் பிடிப்பை)ப் பார்க்காமலே தாண்டிப் போயிருப்பார். இதற்கு எதிர்மாறும் உண்டு. ஆல்பா கார்பன்கள் கிட்டக் கிட்ட இருக்கும், பக்கச்சங்கிலிகளோ ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். பட்டியலில் தொடுகை, நேரில் பார்த்தால் ஒன்றுமில்லை.

என் பழக்கம் இது: பக்கச்சங்கிலிகள் என்ன செய்கின்றன என்பது கேள்வியானால் கனமான அணுக்கள் (ஹைட்ரஜன் அல்லாதவை), 4.5. மொத்த மடிப்பின் உருவம் கேள்வியானால் பீட்டா கார்பன், 8. எதை எடுத்தாலும் ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கூடவே கோட்டை அரை ஆங்ஸ்ட்ராம் முன்னும் பின்னும் நகர்த்தி இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நிற்கிற முடிவை மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவற்றை எண்ணலாமா?

எண்ணினால் பட்டியல் நீளும், விஷயம் ஒன்றும் கிடைக்காது. அடுத்தடுத்த ஆல்பா கார்பன்களுக்கு நடுவே பெரும்பாலும் ஏறக்குறைய 3.8 ஆங்ஸ்ட்ராம்தான். பிணைப்பில் இருப்பது தொடத்தான் செய்யும்.

மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு அடுத்தது சட்டென்று விளங்கும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். ஒரு வளைவில் நின்று எட்டிப் பார்த்தால் கீழ் வளைவில் வருகிற வண்டி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ஆனால் ரோட்டு வழியே வர வேண்டுமென்றால் அது ஒரு பெரிய சுற்று. சங்கிலியில் 20-ஆவது ரெசிட்யூவும் 95-ஆவதும் அப்படித்தான் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நெருக்கம் பாதை மடிந்ததால் வந்தது. மடிப்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் இதை எண்ண வேண்டும்.

எனவே வரிசை எண்களின் வித்தியாசத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். மூன்று அல்லது நான்கு வரை இருந்தால் விட்டுவிடுவது பொது வழக்கம். ஆல்பா ஹெலிக்ஸ் என்ற சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 ரெசிட்யூ, ஒன்றின் கார்பனைல் ஆக்சிஜன் நான்கு தள்ளியிருக்கும் ரெசிட்யூவின் நைட்ரஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. நான்கு தள்ளியவற்றைச் சேர்த்தால் ஹெலிக்ஸ் நிறைந்த புரதம் எல்லாமே பிரமாதமாகத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

இந்த வரிசைத் தூரத்துக்கு மதிப்பு உண்டு என்று காட்டிய வேலைகளில் ஒன்று தமிழ்நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1998-ல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும், தொடும் ரெசிட்யூக்கள் சங்கிலியில் சராசரியாக எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்ற ஒரே எண்ணை வைத்துச் சிறு புரதங்கள் எவ்வளவு வேகமாக மடியும் என்று ஓரளவு சொல்ல முடியும் எனக் காட்டினார்கள். 2001-ல் குரோமிகாவும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் செல்வராஜும் நெடுந்தொடுகைகளை மட்டும் எடுத்தார்கள். ஆல்பா கார்பன்கள் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள், வரிசையில் 12-க்கு மேல் தள்ளியவை. அந்த எண்ணிக்கையை மடியும் வேகத்தோடு ஒப்பிட்டார்கள். வைவாவில் "ஏன் 12?" என்று யாராவது கேட்டால் எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறது.

கான்டாக்ட் மேப்பை எப்படி வாசிக்க?

ரெசிட்யூ எண்ணைக் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை எழுதி, தொடும் இடத்தில் புள்ளி வைத்தால் அதுதான் மேப். 141 ரெசிட்யூ உள்ள சங்கிலியில் 9,870 இணைகள். மூலைவிட்டத்துக்கு இருபுறமும் ஒன்றுபோல விழும், ஆகவே பாதியைப் பார்த்தால் போதும்.

மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டை வந்தால் ஆல்பா ஹெலிக்ஸ். மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு கிளம்பினால் எதிரெதிர் திசையில் ஓடும் இரண்டு பீட்டா இழைகள் (நீட்டி ஓடும் சங்கிலித் துண்டுகள்). மூலைவிட்டத்துக்கு இணையாகத் தள்ளி ஒரு கோடு விழுந்தால் ஒரே திசையில் ஓடும் இழைகள். பீட்டா தகடு என்றதும் பாய் முடைவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் புரதம் போகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். பத்தமடையில் பாய் நெய்வதைப் பார்த்திருந்தால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் கோரைகள் இழைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பாவு நூல் ஹைட்ரஜன் பிணைப்பு.

ஹைட்ரஜன் பிணைப்பு, உப்புப் பாலம் என்று வகை பிரிப்பது எப்படி?

கருவிகள் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் அவை என்ன அளவுகோல் வைத்திருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு, ஹைட்ரஜனைக் கொடுக்கும் அணுவுக்கும் வாங்கும் அணுவுக்கும் நடுவே 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் தூரம், கூடவே ஒரு கோண நிபந்தனை. உப்புப் பாலத்துக்கு லைசின் அல்லது ஆர்ஜினினின் நைட்ரஜனும், ஆஸ்பார்டிக் அல்லது குளூட்டாமிக் அமிலத்தின் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள். டைசல்பைடு பாலம் உண்மையான சகப்பிணைப்பு, கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் ஏறக்குறைய 2.05.

யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. எக்ஸ்-கதிர் படிகவியலில் சாதாரணத் துல்லியத்தில் ஹைட்ரஜன் தெரியாது. ஆஸ்பரஜின், குளூட்டமின் நுனியில் ஓர் ஆக்சிஜனும் ஒரு நைட்ரஜனும் இருக்கின்றனவே, இரண்டும் எலக்ட்ரான் அடர்த்தியில் அச்சு அசல் இரட்டையர் மாதிரி. எது எது என்று அமைப்பைக் கட்டியவர் ஊகித்து வைத்திருப்பார், சில நேரம் தலைகீழாகவும் வைத்திருப்பார். அப்படி இருந்தால் நைட்ரஜனும் நைட்ரஜனும் 2.9 ஆங்ஸ்ட்ராமில் முறைத்துக்கொண்டு நிற்கும். இந்த இடத்தில் கோப்பை நம்பாமல் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். மால்ப்ராபிட்டி போன்ற கருவிகள் திருப்பி வைக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடும்.

தொடுகை நிறைய இருந்தால் புரதம் உறுதியானது என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். டிரிப்டோஃபேனின் பக்கச்சங்கிலியில் கனமான அணுக்கள் 10, அலனினில் ஒன்றே ஒன்று. பெரிய ஆள் கூட்டத்தில் நின்றால் நாலு பேர் மேல் இடிக்கத்தான் செய்வார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சரஸ்வதி விஸ்வேஸ்வராவின் குழு, ரெசிட்யூக்களைக் கணுவாகவும் தொடுகைகளை இணைப்பாகவும் வைத்து வலைப்பின்னலாகப் பார்த்தபோது, தொடும் அணு இணைகளின் எண்ணிக்கையை ரெசிட்யூவின் உருவத்துக்கேற்பச் சரிசெய்துதான் வலிமை என்று சொன்னது. மியாசாவாவும் ஜெர்னிகனும் 1985-ல், 20 அமினோ அமிலங்களால் வரக்கூடிய 210 இணைகளுக்கும் தனித்தனி ஆற்றல் மதிப்பு கொடுத்தார்கள். எல்லாத் தொடுகையும் ஒரே விலை என்று வைத்துக் கூட்டினால், அரிசி மூட்டையையும் உப்பு மூட்டையையும் மூட்டைக் கணக்கில் ஒன்றாக்குகிற வேலைதான்.

ஒரே ஒரு தொடுகையால் நோய் வருமா? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். ஆல்பா சங்கிலியில் 141 ரெசிட்யூ, பீட்டாவில் 146, ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக மொத்தம் 574. அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் இருக்கிறது. இங்கிரம் 1957-ல் கண்டுபிடித்துச் சொன்னது. இந்தியாவில் இது முதலில் பதிவானதும் நம் மாநிலத்தில்தான், 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

இதில் மாணவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே. சாதாரண ஹீமோகுளோபின் கோப்பை எடுத்து, 6-ஆவது ரெசிட்யூ எவற்றைத் தொடுகிறது என்று பார்க்கிறார்கள். அது வெளிப்புறத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். "அக்கா, பெரிசா ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். இல்லைதான். ஒரு ஹீமோகுளோபினுக்குள் தேடினால் இருக்காது.

2எச்பிஎஸ் (2HBS) என்ற கோப்பைத் திறங்கள். அரிவாள் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத நிலை, இரண்டு முழு ஹீமோகுளோபின்கள், எட்டுச் சங்கிலி. இப்போது ஒரு ஹீமோகுளோபினுக்கும் அடுத்த ஹீமோகுளோபினுக்கும் நடுவே மட்டும் தொடுகை தேடுங்கள். ஒன்றின் வாலின் 6, அடுத்ததன் பீட்டா சங்கிலியில் பினைல்அலனின் 85-ம் லியூசின் 88-ம் சேர்ந்து உண்டாக்கிய எண்ணெய்ப்பசையான குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். தண்ணீரைப் பார்த்து நின்ற எதிர்மின்னேற்றம் போய், தண்ணீர் பிடிக்காத ஒன்று வந்ததும் அது ஒளிய இடம் தேடியிருக்கிறது. இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நீண்டு இழையாகித்தான் சிவப்பணு அரிவாளாக வளைகிறது. ஆக்சிஜன் ஏறிய நிலையில் அந்தக் குழி இப்படி வாகாக அமையாது.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் வாலின் 6 இரண்டு உண்டு. இழையில் அவற்றில் ஒன்றுதான் இந்தக் குழியில் இறங்குகிறது, மற்றது சும்மா இருக்கிறது. சராசரி எடுத்து "அரைத் தொடுகை" என்று அட்டவணையில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பட்டியலை எடுத்த கையோடு பைமால், கைமராஎக்ஸ் போன்ற படம் காட்டும் மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பாருங்கள்.

எண் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: மரபணுக் குறிப்புகளில் இதே இடம் 7 என்று இருக்கும். தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம்.

என் புரதத்தில் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே தொடுகையே வரவில்லை. ஏன்?

கோப்பில் ஆள் முழுசாக இருக்கிறாரா என்று பாருங்கள். படிகவியலில் சமச்சீரற்ற அலகு என்று ஒன்றுதான் கோப்பில் இருக்கும், படிகம் முழுவதையும் திருப்பித் திருப்பிக் கட்டப் போதுமான மிகச் சிறிய துண்டு. உயிருக்குள் வேலை செய்யும் முழு உருவம் அதிலிருந்து சமச்சீர் வைத்துக் கட்ட வேண்டியதாக இருக்கலாம்.

4எச்எச்பி (4HHB), ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபின். நான்கு சங்கிலிகளும் இருக்கின்றன. 1எச்எச்ஓ, ஆக்சிஜன் ஏறியது. அதில் ஓர் ஆல்பா, ஒரு பீட்டா மட்டும். ஒரு மாணவர் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு, "ஆக்சிஜன் ஏறியதும் முதல் ஆல்பாவுக்கும் இரண்டாம் பீட்டாவுக்கும் நடுவே உள்ள தொடுகைகள் அனைத்தும் அறுந்துவிடுகின்றன" என்று தடித்த எழுத்தில் முடிவுரை எழுதிவிட்டார். இரண்டாம் பீட்டாவே கோப்பில் இல்லை, பாவம். உண்மையில் நடப்பது, ஓர் ஆல்பா-பீட்டா சோடி மற்ற சோடியைப் பார்க்க ஏறக்குறைய 15 பாகை திரும்புவது. அந்த இடைமுகத்தில் சில தொடுகைகள் போகின்றன, சில புதிதாக வருகின்றன. உயிரியல் தொகுப்பு என்று தனியாக ஒரு கோப்பு கிடைக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்தப்பும் உண்டு: படிகத்துக்குள் நெருக்கி அடுக்கியதால் மட்டும் வந்த தொடுகையைப் பெரிய உயிரியல் இடைமுகம் என்று எழுதுவது. பீசா என்ற கருவி இதில் கைகொடுக்கும்.

கோப்பை நானே புரோகிராம் எழுதிப் படிக்கலாமா?

தாராளமாக. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள். பழைய பி.டி.பி. வடிவத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் இடம் நிர்ணயம். ஆயத்தொலைவுகள் 31 முதல் 54 வரையுள்ள இடங்களில், சங்கிலிப் பெயர் 22-ல், ரெசிட்யூ எண் 23 முதல் 26 வரை. நான் இடைவெளியை வைத்து வரியைத் துண்டாக்கிப் படித்தேன். சின்னப் புரதங்களில் எல்லாம் சரியாக ஓடியது. ஒரு பெரிய புரதத்தில் ரெசிட்யூ எண் 1000-ஐத் தொட்டதும், நாலு இலக்க எண் சங்கிலி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. துண்டுகளில் ஒன்று குறைந்தது. எக்ஸ் என்று நினைத்து ஒய்யை எடுத்தேன், ஒய் என்று இசட்டை, இசட் என்று அதற்கு அடுத்திருந்த இருப்பு விகிதத்தை (அணு அந்த இடத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற எண்ணை). அது எல்லா வரியிலும் 1.00. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரெசிட்யூக்கள் எல்லாம் ஒரே தளத்தில், கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று நசுங்கியதால் தொடுகை எண்ணிக்கை எகிறியது. எதோ புதிய கண்டுபிடிப்பு என்று மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது பயோபைத்தான் என்ற பைத்தான் நூலகத்தில் இருக்கும் படிப்பானைப் பயன்படுத்துகிறேன், முடிந்தால் புதிய கோப்பு வடிவமான எம்எம்சிஃபில். அதிலும் ஒரு பக்கச்சங்கிலி இரண்டு நிலையில் 0.6, 0.4 என்று கொடுக்கப்பட்டிருந்தால் எதை எண்ணுவது என்பது உங்கள் முடிவுதான். இரண்டையும் எண்ணினால் ஒருவரே இரண்டு இடத்தில் நிற்பார். கோப்பில் காணாமல் போன ரெசிட்யூக்கள் எவை என்று 465-ஆம் எண் குறிப்பில் (REMARK 465) இருக்கும். அசைந்துகொண்டே இருந்ததால் அடர்த்தியில் தெரியாதவை அவை. தொடுகை இல்லை என்று அவற்றைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.

என் லேப்டாப் நாலு ஜிபிதான். போதுமா?

போதும். 300 ரெசிட்யூ உள்ள புரதத்தில் கனமான அணுக்கள் 2,400 அளவில் வரும், இணைகள் ஏறக்குறைய 29 லட்சம். பயோபைத்தானின் நெய்பர்செர்ச் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும் தேடுவதால் நொடிகளில் முடியும். கரன்ட் போனாலும் பேட்டரி தாங்கும்.

ஆல்பாஃபோல்டு தந்த அமைப்பில் தொடுகை பார்க்கலாமா?

ஆல்பாஃபோல்டு என்பது அமினோ அமில வரிசையிலிருந்து புரத அமைப்பைக் கணித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு நிரல். பார்க்கலாம், அது தரும் நம்பிக்கை மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு ரெசிட்யூவுக்கும் 100-க்கு ஒரு மதிப்பெண் இருக்கும். 90-க்கு மேல் மிக நல்லது, 70-க்கு மேல் பரவாயில்லை, 50-க்குக் கீழே போன இடத்தில் தொடுகை பேசவே வேண்டாம். இந்த மதிப்பெண் கோப்பில் வெப்பக் காரணி இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெப்பக் காரணி அதிகமென்றால் ஆட்டம் அதிகம். இங்கே எண் அதிகமென்றால் உறுதி அதிகம். பழைய பழக்கத்தில் வண்ணம் பூசினால் எல்லாம் தலைகீழ். இரண்டு தனிப் பகுதிகளுக்கு நடுவே உள்ள தொடுகைக்கு இது போதாது. கூடவே வரும் பிஏஇ (PAE) வரைபடத்தையும் பார்க்க வேண்டும், ஒரு ரெசிட்யூவைப் பார்க்க இன்னொன்றை வைத்த இடத்தில் எவ்வளவு பிழை வரலாம் என்று காட்டுவது அது. பகுதி ஒவ்வொன்றும் சரியாக இருந்து, ஒன்றுக்கொன்று வைத்த விதம் மட்டும் ஊகமாக இருக்கலாம்.

ஒரு வகையில் இந்த முறையே தொடுகையிலிருந்துதான் வளர்ந்தது. பல உயிரினங்களின் ஒரே புரதத்தை வரிசையாக அடுக்கி, ஓர் இடம் மாறும்போதெல்லாம் இன்னோர் இடமும் சேர்ந்து மாறினால் இரண்டும் பக்கத்தில் இருக்கும் என்று ஊகிப்பது பழைய யோசனை. 2011 வாக்கில் அது நன்றாகக் கைகூடியது, 2020-ல் ஆல்பாஃபோல்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

மூலக்கூறு இயக்கவியல் ஓட்டினால்?

அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை இது. ஒவ்வொரு சட்டத்திலும் (சினிமா ஃபிரேம் மாதிரி) எண்ணி, எத்தனை சதவீதம் நேரம் தொடுகை இருந்தது என்று சொல்லுங்கள். 1,000 சட்டத்தில் 620 என்றால் 62 சதவீதம். கடைசிச் சட்டத்தை மட்டும் எடுத்து எழுதுவது, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் போய் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது போல.

ப்ராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக அட்டவணை தருகிறார்களே?

தெரியும். பெயர் வேண்டாம். அப்படி வாங்கிய ஓர் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார்கள். அழகான பைண்டிங், 14 பக்கம் தொடுகை அட்டவணை. எந்த அணு, எவ்வளவு தூரம், எந்தக் கோப்பு என்று எங்கேயும் இல்லை. "இது என்ன கட்-ஆஃப்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க போட்டுத் தந்தாங்க அக்கா" என்றார். வெளித்தேர்வாளர் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். நாலாயிரம், ஐயாயிரம் கொடுத்து அந்தக் கேள்வியை விலைக்கு வாங்க வேண்டுமா?

முதலில் எந்தப் புரதத்தில் கை வைக்க?

முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம். 129 ரெசிட்யூ, ஒரே சங்கிலி, 1எச்இஎல் என்று தேடினால் கிடைக்கும். இதில் ஒரு வசதி, விடை முன்பே தெரியும். நான்கு டைசல்பைடு பாலங்கள்: 6-127, 30-115, 64-80, 76-94. உங்கள் புரோகிராம் எந்த அளவுகோலில் ஓடினாலும் இந்த நான்கு இணைகளும் பட்டியலில் வந்தே ஆக வேண்டும், கந்தகங்களுக்கு நடுவே 2 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய தூரத்தோடு. ஒன்று குறைந்தாலும் தப்பு புரதத்தில் இல்லை, உங்கள் வரிகளில். நான்கும் வந்துவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், ராத்திரி ஒன்பதுக்குள்.